வயிற்றுக் குழாயோடு பதினாறு மாதம்

குளியலறையில் தண்ணீரை மொண்டு தோளில் ஊற்றிக்கொண்டிருந்தேன். காலடியில் ஏதோ வழுக்கி விழுந்தது. குனிந்து பார்த்தால், என் வயிற்றுக் குழாய்.

பழுப்பு நிற இரப்பர் குழாய், ஒரு முழம் இருக்கும். உள்முனையில் இருந்த சின்ன பலூன் கிழிந்து தொங்கியது. என் வயிற்றில், தொப்புளுக்கு மேலே இடப்பக்கம், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு துளை. காலையில் உள்ளே போன பால் அதன் வழியாகக் கசிந்து தொடையில் இறங்கிக்கொண்டிருந்தது. வலி ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணி தாண்டியிருக்கும். என் மனைவி தனம் மீன் வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்தான்.

ஆஸ்பத்திரி நர்ஸை மிஸ்ஸி என்போம்; அவர் முன்பே எச்சரித்திருந்தார். குழாய் வெளியே வந்துவிட்டால் சும்மா இருக்கக் கூடாது, சில மணி நேரத்தில் துளை சுருங்கிவிடும், அப்புறம் மறுபடியும் கத்திதான் என்று. மாற்றுக் குழாய் ஒன்று அலமாரியில், உறை பிரிக்காமல் இருந்தது. அது எந்தத் தட்டில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியும்.

நான் அதை எடுக்கவில்லை. துளையின் மேல் துண்டை மடித்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, சமையலறை முக்காலியில் உட்கார்ந்து தனத்துக்காகக் காத்திருந்தேன். குழாய் போட்டுப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. அதுவரை ஒரு நாளும் நான் அதை என் கையால் தொட்டுக் கழுவியதில்லை.

பாட்டில்

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு நான் துறைமுகத்தில் சரக்கு எண்ணியவன் என்பது தெரியும். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைக் குறித்துக்கொள்ளும் வேலை. வெயிலில் நின்று நின்று தொண்டை எப்போதும் வறண்டு கிடக்கும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை தண்ணீர் குடிப்பதுதான்.

அப்போது எல்லா வீட்டிலும் வழக்கம் ஒன்றுதான். தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்து, காலியான சர்பத் பாட்டில்களில் ஊற்றி மேசையில் அடுக்கி வைப்பார்கள். எங்கள் வீட்டில் ஐந்து பாட்டில்கள் இருந்தன.

தீபாவளிக்கு முந்திய வாரம். தனம் சாக்கடைக் குழாய் அடைப்பை எடுக்க, பழைய டின் ஒன்றில் காஸ்டிக் சோடாவைக் கரைத்தாள். பாதியை ஊற்றிவிட்டு, மிச்சத்தைப் பின்கட்டில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள்.

எனக்கு அன்று காலை விடுப்பு. சைக்கிளின் பழைய சாயத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்று வெகு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். சோடாத் தண்ணீருக்குச் சாயம் கரையும் என்று துறைமுகத்தில் யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. டின்னிலிருந்து ஊற்றினால் கொட்டுகிறது என்று, காலியாக இருந்த ஒரு பாட்டிலில் மாற்றிக்கொண்டேன். பாதி வேலையில் மழை பிடித்துக்கொண்டது. சைக்கிளை உள்ளே தள்ளினேன். பாட்டிலையும் கையோடு எடுத்து வந்து மேசையில் வைத்தேன்.

பிறகு குளித்துவிட்டு மத்தியான வேலைக்குப் போனேன். பாட்டிலை அடியோடு மறந்துவிட்டேன்.

சாயங்காலம் திரும்பி வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் மேசையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். ஒரே ஒரு மடக்குதான் உள்ளே போனது. மீதியைத் துப்பிவிட்டேன். அந்த ஒரு மடக்கே போதுமானதாக இருந்தது.

யார் ஊற்றியது

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் என் அக்கா பாக்கியம் வந்தாள். கடலுக்கு அக்கரையில் செபராங் ஜெயாவில் இருந்தவள். அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். அவள் குரல் வார்டின் கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்கும்.

"குடிக்கிற தண்ணியையும் சோடாவையும் ஒரே மாதிரி பாட்டில்ல வைப்பாளா ஒருத்தி? கண்ணு இல்லையா உனக்கு? என் தம்பியைக் கொல்லப் பாத்தியே!"

தனம் சுவரோரம் நின்றிருந்தாள். "டின்னுலதான் அண்ணி வச்சேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "டின்னு காலியா இருக்கு. நான்தான் ஊத்தியிருப்பேன் போல. ஞாபகம் வரமாட்டேங்குது" என்றாள்.

எனக்குப் பேச்சு வராது. தொண்டை வெந்து கிடந்தது. ஆனால் தலையணைக்கு அடியில் தாளும் பென்சிலும் இருந்தன. தண்ணீர் வேண்டும், விசிறி வேண்டும் என்றெல்லாம் எழுதிக் காட்டிக்கொண்டுதான் இருந்தேன். இதை மட்டும் எழுதவில்லை.

முதலில், அப்புறம் எழுதலாம் என்று நினைத்தேன். பிறகு உணவுக் குழாய் சுருங்கிவிட்டது, எச்சில்கூட இறங்காது என்று தெரிந்தது. வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். வீட்டில் இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்வது என்று டாக்டர் கேட்டபோது, "நான் பாத்துக்கறேன் டாக்டர். நான்தானே காரணம்" என்று தனம் முன்னால் வந்து நின்றாள்.

அதற்குப் பிறகு எழுதுவது இன்னும் கடினமாகிவிட்டது. குரல் கரகரப்பாகத் திரும்பி வந்த பிறகு, சொல்வதும் அப்படித்தான்.

ஐந்து வேளை

காலை ஏழு, பத்து, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஐந்து, இரவு எட்டு. ஐந்து வேளையும் தனம்தான் ஊற்றினாள்.

குழைய வேகவைத்த சோறு, உருளைக்கிழங்கு, முட்டை, பால்மாவு, கொஞ்சம் சர்க்கரை. சில நாள் கோழி வேகவைத்த தண்ணீர். எல்லாவற்றையும் பிளெண்டரில் அடித்து, மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டுவாள். ஒரு பருக்கை தங்கினாலும் குழாய் அடைத்துக்கொள்ளும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்ப்பாள்.

ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சு ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். உள்தண்டை உருவிவிட்டால் அதுவே புனல். குழாயின் வாயில் அதைச் செருகி, என் நெஞ்சு உயரத்தில் பிடித்துக்கொண்டு ஊற்றுவாள். கஞ்சி தானாக இறங்கும். கடைசியில் காய்ச்சி ஆறின தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவி, மடக்கிக் கிளிப் போட்டு, வயிற்றோடு ஒட்டிவிடுவாள். முழுசாக அரை மணி நேரம் ஆகும்.

வயிறு நிறைவது தெரியும். வெதுவெதுப்பாக ஒன்று உள்ளே பரவும். வாய்க்கு மட்டும் எதுவும் தெரியாது. முதல் மாதம் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு எரிச்சல் வந்தது.

மென்று துப்பலாம் என்று டாக்டர் அனுமதித்திருந்தார். ஒரு நாள் ஆட்டுக்கறி கேட்டேன். தனம் சமைத்தாள். பக்கத்தில் பிளாஸ்டிக் கிண்ணம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டாக மென்று, சாற்றை நாக்கில் வைத்திருந்துவிட்டுத் துப்பினேன். ருசியாகத்தான் இருந்தது. ஏழெட்டுத் துண்டு ஆனதும் கிண்ணத்தைப் பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் கேட்கவில்லை. கிண்ணத்தைக் கழுவியவள் தனம்.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எண் போட்ட இரப்பர்க் கம்பிகளைத் தொண்டை வழியாக இறக்கி, சுருங்கிய இடத்தை விரிப்பார்கள். மெல்லிய கம்பியில் தொடங்கி, மாதத்துக்கு மாதம் கொஞ்சம் தடித்த கம்பி. அதைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும்.

கல்யாண வீட்டில்

தனத்துக்கு வெளியே என்ன நடந்தது என்பது எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிய வந்தது.

சொந்தக்காரர் கல்யாணம் ஒன்று, அக்கரையில் பட்டர்வொர்த்தில். நான் போகவில்லை. அவள் போய், வழக்கம்போலப் பந்தியில் தண்ணீர் ஊற்ற ஜாடியை எடுத்திருக்கிறாள். யாரோ ஒருவர், "பாத்துக் குடிங்க லா, மணியம் பொண்டாட்டி ஊத்துது" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். சுற்றி இருந்தவர்களும் சிரித்திருக்கிறார்கள். ஜாடியை வைத்துவிட்டு, சாப்பிடாமல் கடல் கடக்கும் பெரிப் படகில் ஏறி வந்துவிட்டாள்.

அன்று மத்தியானம் எனக்குக் கஞ்சி ஊற்றும்போது இதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "அவங்க சொல்றதுலயும் தப்பில்ல" என்றாள்.

சிரிஞ்சில் கஞ்சி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் அக்காவோ எங்கள் வீட்டுக்கு வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். பையில் பாட்டிலோடு வருவாள். தனம் அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. கோயிலுக்குக்கூடக் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போய்வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

முக்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னேன் அல்லவா. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கதவு திறந்தது.

தனம் என்னையும், துண்டையும், தரையில் கிடந்த குழாயையும் பார்த்தாள். மீன் பையை அப்படியே கீழே வைத்தாள். "எப்போ வந்துச்சு?" என்று ஒரே கேள்வி கேட்டாள். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள். புதுக் குழாயைப் பிரித்து, பலூனில் தண்ணீர் ஏற்றிச் சோதித்து, வடித்துவிட்டாள். முனையில் களிம்பு தடவினாள்.

"படுங்க. வயித்த இறுக்காதீங்க."

துளை அதற்குள் சுருங்கியிருந்தது. முதல் முறை குழாய் உள்ளே போகவில்லை. இரண்டாம் முறையும் போகவில்லை. முகம் முழுக்க வேர்வை.

"சாமி, நான் செஞ்சதுக்கு என்னை என்ன வேணாலும் பண்ணு. இந்த ஓட்டை மட்டும் மூடிரக் கூடாது. மறுபடியும் இவர வெட்ட விட முடியாது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே மூன்றாம் முறை வைத்தாள்.

நான் சொன்னேன்: "நீ ஊத்தல, தனம்."

"பேசாதீங்க."

"பாட்டில்ல நான்தான் ஊத்துனேன். சைக்கிளுக்கு. மேசை மேல வச்சதும் நான்தான்."

அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு குழாயை மெதுவாகத் திருகினாள். வழி கிடைத்து, அது உள்ளே இறங்கியது. நான்கு விரல் அளவு உள்ளே தள்ளி, பலூனில் தண்ணீர் ஏற்றி, இலேசாக இழுத்துப் பார்த்தாள். பிடித்துக்கொண்டது. குழாயின் வாயைத் தாழ்த்தியதும், வயிற்றுத் தண்ணீர் வந்து எட்டிப்பார்த்தது. சரியான இடத்தில்தான் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். சுற்றிலும் துடைத்து ஒட்டினாள்.

எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்டாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மொத நாள்லேர்ந்து."

தனம் எழுந்தாள். பத்து மணிக் கஞ்சியை அடித்து, வடிகட்டி, ஊற்றினாள். குழாயைக் கழுவினாள். மீனைச் சுத்தம் செய்து பக்கத்து வீட்டு லிம்மிடம் கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு ஒரு பையில் நாலு சேலையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"புக்கிட் தெங்காவுல தங்கச்சி வீட்டுக்குப் போறேன். ஒரு மணிக்கு ஊத்தறது பானையில இருக்கு. வடிகட்டாம ஊத்தாதீங்க, அடைச்சுக்கும்."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

ஒன்பது நாள்

முதல் வேளையே தகராறு. குழாயைக் கிள்ளிப் பிடிக்க ஒரு கை, சிரிஞ்சைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை, ஊற்ற ஒரு கை. எனக்கு இரண்டுதான் இருந்தன. கஞ்சி பாதி வயிற்றிலும் பாதி இடுப்பில் கட்டியிருந்த சாரத்திலும் போனது. சீக்கிரம் முடியட்டும் என்று சிரிஞ்சை உயர்த்திப் பிடித்தேன். குடுகுடுவென்று இறங்கி வயிற்றைப் பிடித்து முறுக்கியது. தரையில் சுருண்டு படுத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் ஒரு தடவை மட்டும் வடிகட்டினேன். அடைத்துக்கொண்டது. லிம் வந்து பார்த்துவிட்டு, மலாயில் ஏதோ திட்டிக்கொண்டே கடைக்குப் போய் சோடா வாங்கி வந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குடிக்கிற சோடாதான். வெதுவெதுப்பான தண்ணீரோடு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, குழாயை விரலால் உருவி உருவி, ஒரு மணி நேரத்தில் அடைப்பு எடுபட்டது.

மூன்றாம் நாள் சுவரில் ஓர் ஆணி அடித்து, கம்பியை வளைத்து மாட்டி, அதில் சிரிஞ்சை நிறுத்தினேன். அதற்குப் பிறகு இரண்டு கை போதுமானதாக இருந்தது.

நாலாம் நாள் துளையைச் சுற்றித் தோல் வெந்து சிவந்துவிட்டது. கசியும் வயிற்றுத் தண்ணீர் தோலை அரிக்கும். தனம் ஒரு நாளைக்கு மூன்று தடவை பஞ்சால் துடைத்து, வெள்ளைக் களிம்பு தடவுவாள். அவள் செய்யும்போது அது ஒரு வேலை என்றே எனக்குத் தோன்றியதில்லை. களிம்பு எங்கே இருக்கிறது என்று தேடவே எனக்கு அரை நாள் ஆனது.

ஒன்பது நாளில் நான் சாகவில்லை. இளைத்தேன், அவ்வளவுதான். தினமும் கழுவினேன், துடைத்தேன், ஊற்றினேன். அவள் வருவாள் என்று நினைக்க எனக்கு எந்த நியாயமும் இருக்கவில்லை.

பத்தாம் நாள் காலை வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"சட்டையைப் போடுங்க. அண்ணி வீட்டுக்குப் போறோம். எங்கிட்டச் சொன்னத அங்க வந்து சொல்லுங்க."

அக்கா வீடு

ஒரு மணிக்கான கஞ்சியைப் பிளாஸ்கில் எடுத்துக்கொண்டோம். பெரியில் தனம் என் பக்கத்தில் உட்காரவில்லை, இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தாள். தெற்கே புதுப் பாலத்துக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்த சமயம். பெரியில் எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

அக்கா வாசலிலேயே தனத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தான் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். கரகரத்த குரலில், டின்னிலிருந்து பாட்டில், பாட்டிலிலிருந்து மேசை என்று வரிசையாக.

அத்தான் எழுந்து டிவியை நிறுத்தினார்.

"நெஜமாவாடா?" என்றாள் அக்கா.

"நெஜம்தான்க்கா."

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். தனத்தின் பக்கம் திரும்பினாள். "நீ ஏன்டி அன்னைக்கே வாயத் தொறக்கல?"

"எனக்கே தெரியலையே அண்ணி. நான்தான் ஊத்திட்டு மறந்துட்டேன்னு நெனச்சேன். எனக்குப் புத்தி பெரண்டுபோச்சோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன், இத்தனை மாசமும்."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். எதையும் தாங்கிக்கொள்ளும் மனுஷி அவள். அன்றைக்கு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து போய் தனத்தின் கையைப் பிடித்தாள்.

ஒரு மணி அடித்தது. தனம் பிளாஸ்கை எடுத்து மேசையில் வைத்தாள்.

"குடு, நான் ஊத்தறேன். எப்படின்னு சொல்லு" என்றாள் அக்கா.

"வேணாம் அண்ணி. அவரே ஊத்திக்குவாரு."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஜன்னல் கம்பியில் ஒரு துணி மாட்டியை வளைத்துச் சிரிஞ்சை நிறுத்தி, நானே ஊற்றிக்கொண்டேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

திரும்பும்போது பெரியில் தனம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாதிக் கடல் தாண்டிய பிறகு கேட்டாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போயிருவேன்னு நெனச்சேன். குத்தம் செஞ்சோம்னுதான் நீ என்னைப் பாத்துக்கறேன்னு நெனச்சேன்."

பிளாஸ்கை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"மொத மாசம் அப்படித்தான்" என்றாள். "அப்புறம் இல்ல."

குழாய் எடுத்த பிறகு

பதினாறாம் மாதம் குழாயை எடுத்தார்கள். டாக்டர் பலூன் தண்ணீரை வடித்து, இழுத்தார். இரண்டே நொடி வேலை. மேலே பஞ்சு வைத்து ஒட்டினார். துளை ஒரு வாரத்தில் தானாகவே மூடிக்கொண்டது. இப்போது அம்மைத் தழும்பு மாதிரி ஒரு குழி, அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் தனம் சோற்றைக் குழைய வடித்து, பருப்புத் தண்ணீர் விட்டுப் பிசைந்து என் முன்னால் வைத்தாள். நெல்லிக்காய் அளவு எடுத்து வாயில் போட்டு, நன்றாக மென்று விழுங்கினேன். தொண்டையைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி, மெதுவாக இறங்கியது. அவள் எதிரே நின்று என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறங்குதா?"

"எறங்குது."

இன்னும் நாலு வாய் போகும் வரை நின்றாள். பிறகு தட்டு ஒன்றை எடுத்து வந்து, தனக்கும் சோறு போட்டுக்கொண்டு, எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள். பதினாறு மாதத்தில் அவள் ஒரு வேளைகூட என் கண்ணெதிரே சாப்பிட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.